ரோமில் ஒரே ஒரு வெயில் நாள்: எந்தப் பக்கம் நடப்பது?

ஐரோப்பாவைச் சுற்ற வருகிற நம்மவர்களின் திட்டத்தில் ரோமுக்கு வழக்கமாக ஒரு பகல்தான் கிடைக்கிறது. முந்தைய இரவு ரயிலில் வந்து இறங்குவார்கள். மறுநாள் விடிந்ததும் ஃபிளாரன்சுக்கோ நேப்பிள்சுக்கோ கிளம்பிவிடுவார்கள். நடுவில் கிடைக்கும் அந்த ஒரு நாளில் கொலோசியம் பக்கம் போவதா, திரேவி நீரூற்றுப் பக்கம் போவதா, வத்திக்கான் பக்கம் போவதா என்று கேட்டு எழுதுகிறவர்கள் நிறைய. மூன்றையும் ஒரே நாளில் நடந்து தீர்த்தவர்களையும் பார்த்திருக்கிறேன். மாலையில் செல்பேசியில் நானூறு படம் இருக்கும். எது எந்த இடம் என்று கேட்டால் கணவர் மனைவியைப் பார்ப்பார், மனைவி கணவரைப் பார்ப்பார்.

இவற்றில் எது உசத்தி என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வெயில் நாளில் கேட்க வேண்டியது வேறு: பகல் 12 மணியிலிருந்து 4 மணிவரை எங்கே இருக்கப் போகிறீர்கள்? அது தெரிந்தால் பாதி முடிவு எடுத்த மாதிரி.

"நாங்க மெட்ராஸ்காரங்க, எங்களுக்கு என்ன வெயில்?" என்று உடனே ஒரு குரல் வரும். ரோமில் ஜூலை மாதச் சராசரி உச்ச வெப்பம் 31, 32 டிகிரிதான், உண்மை. ஆனால் ஊரில் நாம் வெயிலைத் தாங்குவதில்லை, அதற்கு ஒதுங்கிப் போகிறோம். மே மாதம் மதியம் ஒரு மணிக்குத் தி. நகரில் எட்டு கிலோமீட்டர் யார் நடக்கிறார்கள்? இங்கே வந்ததும் அதைத்தான் செய்கிறோம், அதுவும் சூடேறிய கருங்கல் தரையில்.

இன்னொன்று, கடிகாரத்தை நம்பாதீர்கள். கோடைக்காலத்தில் இத்தாலியில் நேரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கிறார்கள். அதனால் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, ஏறக்குறைய 1:10க்கு. அப்புறம் சுடத் தொடங்கினால் 4 மணியைத் தாண்டியும் விடாது. ஜூன் கடைசியில் சூரியன் மறையவே இரவு 8:45 ஆகிவிடும் என்பது இதற்கு ஈடு. காலையில் ஐந்து மணி நேரம், மாலையில் நான்கு மணி நேரம் என்று நடப்பதற்கு நல்ல நேரம் நிறையக் கிடைக்கிறது. நடுவில் இருக்கும் பள்ளத்தைத் தாண்டத் தெரிந்தால் போதும்.

## எதை வைத்து ஒப்பிடுகிறேன்

முதலில் நிழல். அடுத்தது தரை. ரோமின் தெருக்களில் பாவியிருக்கும் சின்னச் சின்னக் கருங்கற்களுக்கு சம்பியெத்ரீனி என்று பெயர். பார்க்க அழகு, மெல்லிய அடிப்பாகச் செருப்புக்கு எமன். குழந்தைத் தள்ளுவண்டி அதில் தடதடவென்று ஆடும். மூன்றாவது கட்டணமும் முன்பதிவும். நான்காவதை யாரும் யோசிப்பதில்லை, பெரியவர்கள் கூட வந்தால் இதுதான் முதலில் வர வேண்டும்: களைத்துப் போனால் பாதியில் நிறுத்திவிட்டு விடுதிக்குத் திரும்ப முடியுமா?

தண்ணீரை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. மூன்று பாதையிலும் அது இலவசம், குளிர்ச்சியும்கூட. 1874 முதல் நிறுவப்பட்டுவரும் நாசோனே என்ற இரும்புக் குழாய்கள் நகரம் முழுக்க ஏறக்குறைய 2,500 இருக்கின்றன. நாசோனே என்றால் பெரிய மூக்கு. மூக்கின் நுனியை விரலால் அடைத்தால் மேலே உள்ள சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் வளைந்து வரும், வாயை வைக்காமல் அண்ணாந்து குடிக்கிற நமக்குத் தோதான ஏற்பாடு. காலிப் பாட்டில் ஒன்று இருந்தால் தண்ணீருக்குக் காசு செலவழிக்கவே வேண்டாம்.

கழிப்பறைக்கும் எங்கும் ஒரே வழிதான். பொதுக் கழிப்பறைகள் குறைவு. காபிக் கடைக்குள் போய், நின்றபடி ஒரு எஸ்பிரெசோ குடித்துவிட்டுக் கேட்டால் காட்டுவார்கள்.

அவசரக்காரர்களுக்கு அட்டவணை:

| | பழைய ரோம் | நடுநகரம் | வத்திக்கானும் நதிக்கரையும் |
|---|---|---|---|
| வழி | கொலோசியம், பலடைன் குன்று, ஃபோரம், கேபிடல் குன்று | திரேவி, பாந்தியன், நவோனா, கம்போ தே ஃபியோரி | புனித பேதுரு பேராலயம், ஏஞ்சல் பாலம், ட்ராஸ்டெவரே, ஜனிகோலோ |
| நிழல் | மிகக் குறைவு | நிறைய | நடுத்தரம், இடத்துக்கு இடம் மாறும் |
| தரை | மேடு பள்ளம், பெரிய கற்கள் | சமதளம், சின்னக் கற்கள் | சமதளம், கடைசியில் ஏற்றம் |
| கட்டணம் | 18 யூரோ | குறைவு | பேராலயத்துக்கு இல்லை |
| முன்பதிவு | கட்டாயம் என்றே வையுங்கள் | பாந்தியனுக்கு மட்டும் செய்தால் நல்லது | வேண்டாம், சீக்கிரம் போனால் சரி |
| பாதியில் நிறுத்த | கடினம் | மிக எளிது | ட்ராஸ்டெவரேவில் மெட்ரோ இல்லை |

## பழைய ரோம்: கொலோசியம் முதல் கேபிடல் குன்று வரை

வரைபடத்தில் பார்த்தால் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. ஏமாற வேண்டாம். சுற்றுவது எல்லாமே உள்ளேதான், ஏறி இறங்கும் தூரம் அந்தக் கணக்கில் வராது.

கி.பி. 80இல் திறக்கப்பட்ட கொலோசியத்துக்குள் அடுக்கடுக்கான வளைவுகளின் கீழே ஓரளவு நிழல் உண்டு. பழைய ரோமின் நகரச் சதுக்கமான ஃபோரத்தில் அது கிடையாது. ஒரு காலத்தில் கூரை இருந்த கட்டடங்கள் இன்று தூண்களாக நிற்கின்றன, தூணின் நிழலில் எத்தனை பேர் ஒதுங்க முடியும்? பலடைன் குன்றின் மேல் மரங்கள் இருக்கின்றன, காற்றும் வரும். ஆனால் அதுவரை ஏற வேண்டும்.

சீட்டு விலை 18 யூரோ. கொலோசியம், ஃபோரம், பலடைன் மூன்றும் அதில் அடக்கம், 24 மணி நேரம் செல்லும். இங்கே மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. ஒன்று, சீட்டு பெயரோடு வருகிறது, நுழைவாயிலில் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். கோடையில் நல்ல நேரங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதன் பிறகு இடைத்தரகர்களிடம்தான் போக வேண்டும். அவர்கள் சொல்வதுதான் விலை. இரண்டு, 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம் என்று கேள்விப்பட்டு, பிள்ளைகளுக்குச் சீட்டே எடுக்காமல் வந்து நிற்கிறார்கள். இலவசம்தான், ஆனால் அந்த இலவசச் சீட்டையும் முன்பே எடுத்திருக்க வேண்டும். மூன்று, ஃபோரத்தை விட்டு வெளியே வந்தால் அதே சீட்டில் திரும்ப நுழைய முடியாது. சாப்பிட்டுவிட்டு வருகிறோம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அப்படியானால் இந்தப் பாதை வேண்டாமா? பள்ளிக்கூடத்தில் வரலாறு பிடித்திருந்தவர்களுக்கு வேறு எதுவும் இதற்கு ஈடாகாது. எனக்குப் பிடித்த மூலை ஒன்றைச் சொல்கிறேன். ஃபோரத்தில் மாக்சென்டியசின் பசிலிக்கா என்று மூன்று ராட்சத வளைவுகள் நிற்கும். எல்லோரும் அண்ணாந்து அந்த வளைவுகளைப் படம் எடுப்பார்கள். கவனிக்க வேண்டியது காலடியில் இருக்கிறது. டொமிஷியன் பேரரசர் கட்டிய வாசனைப் பொருள் கிடங்கு அந்த மண்ணுக்குக் கீழேதான் இருந்தது. ஹோர்ரியா பிபராடாரியா என்ற அதன் பெயரிலேயே மிளகு இருக்கிறது. சேரர் துறைமுகமான முசிறியில் கப்பலேறி, செங்கடல் கடந்து, எகிப்து வழியாக வந்த மிளகு. யவனர்கள் பொன் கொடுத்து மிளகு வாங்கிப் போனார்கள் என்று தமிழ்ப் பாடத்தில் படித்தது நினைவிருக்கிறதா? அந்த மிளகு போய்ச் சேர்ந்த முகவரி இது. இதைச் சொன்னதும், அதுவரை "எல்லாம் இடிஞ்ச கட்டடம்" என்று அலுத்துக்கொண்டிருந்த என் சித்தப்பா அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டார்.

காலை 8:30க்குக் கொலோசியத்தில் முதல் நேரத்தைப் பிடித்து, 10 மணிக்கு ஃபோரத்துக்குள் புகுந்து, 12:30க்குள் வெளியே வந்துவிடுவதுதான் இந்தப் பாதையின் சூத்திரம். தாமதமாகிவிட்டால் ஒரு தப்பிக்கும் வழி உண்டு. கொலோசியத்திலிருந்து சில நிமிட நடையில் சான் கிளெமென்டே என்ற ஆலயம் இருக்கிறது. மேலே 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், அதற்குக் கீழே 4ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், அதற்கும் கீழே முதல் நூற்றாண்டுக் கட்டடமும் மித்ரா என்ற பழைய தெய்வத்தின் வழிபாட்டு அறையும். கீழ்த்தளங்களுக்குக் கட்டணம் உண்டு. மதியம் மூடியிருக்கலாம், திறக்கும் நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். படியிறங்க இறங்கக் குளிர் ஏறும்.

முந்தைய நாள் பிற்பகலே ஊருக்கு வந்துவிடுகிறவர்கள் 24 மணி நேரச் சலுகையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அன்று மாலை ஃபோரத்தையும், மறுநாள் காலை கொலோசியத்தையும் பார்த்தால் உச்சி வெயிலே உங்கள் மேல் படாது.

## நடுநகரம்: திரேவி முதல் கம்போ தே ஃபியோரி வரை

வெயில் நாளுக்கென்றே யாரோ வரைந்த பாதை போல இருக்கும். நான்கைந்து மாடிக் கட்டடங்களுக்கு நடுவே குறுகிய தெருக்கள். ஒரு பக்கம் வெயில் அடித்தால் எதிர்ப்பக்கம் நிழல். சதுக்கங்களைக் கடக்கும்போது மட்டும்தான் தலை காயும். ஸ்பானியப் படிக்கட்டில் தொடங்கி கம்போ தே ஃபியோரி சதுக்கத்தில் முடித்தால் மூன்று கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

காலை ஏழு மணிக்குத் திரேவி நீரூற்றில் நில்லுங்கள். பத்து மணிக்கு மேல் அங்கே தண்ணீரைவிடத் தலைகள்தான் அதிகம் தெரியும். 1762இல் முடிந்த இந்த நீரூற்றுக்குத் தண்ணீர் கொடுப்பது, கி.மு. 19இல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா கட்டிய அக்வா விர்கோ கால்வாயின் வழி. ஸ்பானியப் படிக்கட்டையும் காலையிலேயே பார்த்துவிடலாம். ஆனால் உட்காராதீர்கள். 2019 முதல் அங்கே உட்காரத் தடை, அபராதம் 250 யூரோ. படிக்கட்டில் உட்காரக் கூடாது என்றால் எதற்குப் படிக்கட்டு என்று கேட்கத் தோன்றும். காவலர் ஊதும் விசிலுக்கு அந்த வாதம் கேட்காது.

பிறகு பாந்தியன், பழைய ரோமானியக் கோயில். இதைத்தான் கவனமாக நேரம் பார்த்து வைக்க வேண்டும். குவிமாடத்தின் விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சி வரை உயரமும் அதே அளவு. உச்சியில் ஏறக்குறைய 9 மீட்டர் அகலத்துக்கு ஒரு வட்டத் திறப்பு; கண்ணாடி கிடையாது, மூடி கிடையாது. மழை பெய்தால் உள்ளே பெய்யும். வெயில் நாளில் அந்தத் திறப்பு வழியாக ஒரு ஒளி வட்டம் விழுந்து சுவரிலும் தரையிலும் மெல்ல நகரும். குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்திருப்பதால் வட்டம் மேலேயே தங்கிவிடும், கோடையில் தரைக்கு இறங்கி வரும். ஏப்ரல் 21, ரோம் நகரம் தோன்றிய நாளாகக் கொண்டாடப்படுவது. அன்று உச்சிப்பொழுதில் ஒளி நேராக வாசலில் விழும். ஊரெல்லாம் வெயிலைத் திட்டும் ஒரு மணிக்கு, தடித்த சுவருக்குள் நின்று அதே வெயிலை வேடிக்கை பார்க்கலாம். 2023 ஜூலையிலிருந்து கட்டணம் வசூலிக்கிறார்கள், தொடங்கியபோது 5 யூரோ.

பக்கத்திலேயே சந்த் இக்னாசியோ ஆலயம். அதன் குவிமாடம் கட்டப்படவே இல்லை. தட்டையான பரப்பில் அந்த்ரேயா போட்சோ வரைந்து வைத்த ஓவியம் அது. தரையில் ஒரு குறி இருக்கும், அங்கே நின்றால் குவிமாடம், நாலடி நகர்ந்தால் ஏமாற்று. தூத்துக்குடி, மணப்பாடு பக்கத்துக்காரர்கள் இன்னும் கொஞ்சம் தெற்கே நடந்தால் இயேசு சபையின் தாய் ஆலயமான ஜெசு வரும். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவர்களிடையே பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியாரின் வலது கை அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. கவனம்: ரோமில் பல ஆலயங்கள் மதியம் 12:30 வாக்கில் மூடி, மூன்று நான்கு மணிக்குத்தான் திறக்கும். நிழலுக்கு ஒதுங்கலாம் என்று நினைக்கும் நேரத்தில் கதவு சாத்தியிருக்கும். எனவே காலையில் ஆலயங்கள், மதியம் பாந்தியன் என்ற வரிசை.

நவோனா சதுக்கத்தில் சிற்பி பெர்னினி 1651இல் முடித்த நான்கு நதிகள் நீரூற்று. தான்யூப், நைல், லா பிளாட்டா, கூடவே நம் கங்கை. கங்கையம்மாவை ஒரு ஆணாக்கி, கையில் நீளத் துடுப்பையும் கொடுத்திருக்கிறார். தேடிக் கண்டுபிடிப்பது பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு.

இந்தப் பாதையில் சீட்டுச் செலவு குறைவுதான், ஆனால் காசு சொட்டுச் சொட்டாகக் கசியும். இத்தாலியில் காபிக்கு இரண்டு விலை: நின்று குடித்தால் ஒன்று, உட்கார்ந்தால் வேறு. அழகான சதுக்கத்தில் உட்கார்ந்தால் அது வேறொரு உலகம். கால் வலிக்கிறது என்று நாங்கள் நான்கு பேர் ஒரு சதுக்கத்தோரம் உட்கார்ந்தோம், விலைப்பட்டியலைப் பார்க்கவில்லை. இரண்டு காபி, இரண்டு பழச்சாறு, பில்லைப் பார்த்த பிறகு கால் வலி மறந்தே போனது. கடையைக் குறை சொல்லவும் முடியாது, விலை வாசலிலேயே எழுதியிருந்தது. கூட்டம் நெரியும் இடங்களில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், அதுவும் ஒரு செலவைத் தவிர்க்கும்.

## வத்திக்கானும் நதிக்கரையும்

புனித பேதுரு பேராலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை. ஆனால் பாதுகாப்புச் சோதனைக்கான வரிசை திறந்த வெளியில் நிற்கிறது. ஏழு மணிக்குப் போனால் நேரே உள்ளே போய்விடலாம். பதினோரு மணிக்குப் போனால் இலவசத்துக்குக் கொடுக்கும் விலை என்னவென்று தலை சொல்லும். பெர்னினி எழுப்பிய 284 தூண்களின் வளைந்த மண்டபம் மட்டும் நல்ல நிழல். சதுக்கத்தின் நடுவே நிற்கும் எகிப்திய ஒற்றைக்கல் தூணின் நிழல் தரையில் பதித்த கல்வட்டங்களில் விழுந்து காலம் காட்டும். ஆயிரக்கணக்கான பேர் நிற்கும் இடத்தில் அந்தக் கடிகாரத்தைக் கவனிப்பவர்கள் சிலர்தான்.

உடை விஷயத்தில் வெயிலும் விதியும் மோதும் இடம் இது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சேலை, சுடிதாருக்கு இந்தச் சிக்கலே கிடையாது. அரைக்கால் சட்டை போட்ட ஆண்கள்தான் மாட்டுவார்கள். குவிமாடத்தின் உச்சிக்கு 551 படிகள். மின்தூக்கியில் பாதி போனாலும் மிச்சம் 320 படி ஏற வேண்டும், கடைசிப் பகுதி குறுகலாக, சாய்ந்த சுவரோடு, காற்றில்லாமல் இருக்கும். வெயில் நாளில் காலை ஒன்பதுக்கு மேல் யாரையும் நான் ஏறச் சொல்ல மாட்டேன். புதன்கிழமைக் காலையில் போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு இருந்தால் சதுக்கமே நிரம்பிவிடும்; அன்று இந்தப் பாதையை விட்டுவிடுங்கள். வத்திக்கான் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தால் அரை நாள் போய்விடும். அது நல்ல அனுபவம்தான், ஆனால் அது வேறு திட்டம், இதோடு சேர்க்காதீர்கள்.

பேராலயத்திலிருந்து ஏஞ்சல் பாலத்துக்குப் பத்து, பதினைந்து நிமிடம். அங்கிருந்து டைபர் நதியை ஒட்டித் தெற்கே நடக்கும்போது கீழே கரையோர நடைபாதைக்கு இறங்க ஆசை வரும். இறங்காதீர்கள், கல் சுவர் வெயிலைத் திருப்பி அடிக்கும். மேலே சாலையோரம் வரிசையாகப் பெரிய பிளேன் மரங்கள், கிளைகள் ஆற்றுப் பக்கம் சாய்ந்திருக்கும். சிஸ்டோ பாலம் வரை குடையில்லாமல் போகலாம்.

ட்ராஸ்டெவரேவுக்கு மதியம் போனால் சப்பென்று இருக்கும், அந்தப் பேட்டை கண் விழிப்பதே மாலை ஆறுக்கு மேல். ஜனிகோலோ குன்றுக்கும் அதே நேரம்தான். குன்று நகரத்துக்கு மேற்கே இருக்கிறது. காலையில் நகரத்தைப் பார்த்தால் சூரியன் கண்ணில் அடிக்கும். மாலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் போய், எதிரே குவிமாடங்கள் எல்லாம் பொன்னிறமாகும்.

## சாப்பாடு, ஒரு குறுக்குப் பேச்சு

சைவர்களுக்காக மட்டும். எடை போட்டு வெட்டிக் கொடுக்கும் பீட்சா மூன்று பாதையிலும் கிடைக்கும். பாலாடைக்கட்டி இல்லாமல் தக்காளி மட்டும் தடவியதற்கு பீட்சா ரோஸ்ஸா என்று பெயர். சுப்ளி என்ற சோற்று உருண்டை பார்க்கப் போண்டா போல அப்பாவியாக இருக்கும், வழக்கமான செய்முறையில் உள்ளே இறைச்சிச் சாறு உண்டு. காச்சோ எ பெப்பே என்ற மிளகுப் பாஸ்தாவில் இறைச்சி கிடையாது. ஆனால் அதன் பெக்கொரினோ பாலாடைக்கட்டி ஆட்டுக்குட்டியின் இரைப்பை நொதியால் உறைய வைத்தது. எவ்வளவு கறார் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். மிளகு தாராளமாக இருக்கும், முசிறியை நினைத்துச் சாப்பிடலாம்.

## யாருக்கு எது

எழுபது வயது அம்மா அப்பாவோடு வருகிறீர்களா? யோசிக்காமல் நடுநகரம். எந்த இடத்தில் நின்றாலும் டாக்சியோ பஸ்ஸோ பக்கம். கொலோசியத்தை வெளியிலிருந்து பார்த்தால் போதும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள், சொன்னால் வற்புறுத்தாதீர்கள்.

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பழைய ரோம், ஆனால் முதல் நேரச் சீட்டு கிடைத்திருந்தால் மட்டும். பதினோரு மணிச் சீட்டுதான் கிடைத்தது என்றால் விட்டுவிடுங்கள். ஃபோரத்தில் உச்சி வெயிலில் ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தால் இரண்டாயிரம் ஆண்டு வரலாறு உதவிக்கு வராது. மாலை ஆறுக்கு மேல் கேபிடல் குன்றில் மைக்கலாஞ்சலோ வடிவமைத்த சதுக்கத்துக்குப் போய், கட்டடத்தின் பின்பக்கம் சுற்றி வாருங்கள். ஃபோரம் முழுவதும் கீழே விரியும், சாய்ந்த வெளிச்சத்தில், சீட்டில்லாமல்.

பக்தியோடு வருகிறவர்களுக்கும் இரண்டாம் முறை வருகிறவர்களுக்கும் நதிக்கரை. தனியாக நடப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

முதல் முறை, ஒரே நாள், நல்ல கால் என்றால் இரண்டு பாதைகளை நடுவில் ஒட்டிவிடலாம். நான் நண்பர்களை அழைத்துப் போவது இப்படித்தான். ஏழு மணிக்குத் திரேவி, எட்டரைக்கு நின்றபடி காபி, பன்னிரண்டு வரை ஆலயங்கள், ஒரு மணிக்குப் பாந்தியனில் ஒளி வட்டம், இரண்டு மணிக்குச் சாப்பாடு. அப்புறம் விடுதிக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு மணி நேரம் தூக்கம். பகலில் தூங்கவா ஐரோப்பாவுக்கு வந்தோம் என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள். ஐந்தரைக்கு எழுப்பி, சிஸ்டோ பாலம் தாண்டி ட்ராஸ்டெவரே வழியாக ஜனிகோலோ ஏறுவேன். எட்டு மணிக்கு மேல் அங்கே நிற்கும்போது, மதியம் கேட்டவர் அநேகமாக மேலே இன்னொரு திருப்பம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பார்.